ஐந்தும் ஆறும்

ஊபியில் ஆறாவது மாடி.
கீழே கார்களுக்கு வண்ணம் அடிக்கிறார்கள்,
பக்கத்து யூனிட்டில் மீன் உருண்டை.
மணிக்கு இருபத்தெட்டு வெள்ளி வாடகை.
ஏர்கான் எப்போதும் பி-பிளாட்டில் முனகும்,
நாங்கள் நால்வரும் அதற்கே சுருதி சேர்த்துக்கொண்டோம்,
அணைத்தால் வேர்க்கும் என்பதால்.

நான்கு வருடத்தில்
ஒருவரை ஒருவர் மனப்பாடம் ஆகியிருந்தது.
வெய் ஹாவ் கிட்டாரை எங்கே அலறவிடுவான்,
ஹைருல் எந்தக் கணத்தில் சிம்பலைத் தேடுவான்,
பிரகதியின் விரல்கள் கீபோர்டில் எப்போது
சாப்பாட்டை நினைக்கத் தொடங்கும்,
எல்லாம்.
"ஆள் சேர்ப்போம்" என்றது யாரென்று
இப்போது யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

முதலில் வந்தவள் சூ யின்.
பகலில் பல் மருத்துவமனையில் வரவேற்பு,
வாரக்கடைசியில் புளோக்குகளின் கீழ்த்தளத்தில்
சாவுக்குச் சுவோனா ஊதுகிறவள்.
குழலை உதட்டில் வைத்தவள்
திரும்ப இறக்கிக் கேட்டாள்:
"இதில் செத்தது யார்?"

கிண்டல் இல்லை. அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.
தகப்பனா, மருமகளா, ஊரெல்லாம் கடன் வைத்தவனா,
அதற்கேற்பத்தான் மூச்சு.
நாங்கள் விழித்தோம்.
அந்த உருப்படிக்குப் பெயரே "வரைவு 9".

ஊதினாள்.
ஒரே ஒரு சுரம்.
ஹைருலின் சிம்பல்கள் அதன்பின் கண்ணுக்கு மட்டும் தெரிந்தன.
மீன் உருண்டைக்காரர் கதவைத் தட்டி
யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்.

சுந்தரபாண்டி வந்தது மூன்றாம் ஞாயிறு.
துவாஸில் கப்பலுக்கு வெல்டிங்.
தோளில் தவில், நீல உறையில், நீளமான ஜிப்.
"காசெல்லாம் வேணாங்க, பெர்மிட்ல இந்த வேலை இல்ல.
ஒம்போதே காலுக்கு மட்டும் விட்டுடணும்,
டார்மெட்ரி லாரி நிக்காது."

பதினொன்றை நாங்கள் மூன்று, நான்கு, நான்கு என்று எண்ணி
ஒவ்வொரு சுற்றிலும் தடுக்கிக்கொண்டிருந்தோம்,
இல்லாத கடைசிப் படியில்
காலை வைக்கிறவர்கள் மாதிரி.
அவர் தொடையில் தட்டிப் பார்த்தார்.
தகதகிட தகிட தகிட.
"அஞ்சும் ஆறும். அவ்ளோதானே?"
அதே பதினொன்றுதான்.
இப்போது அதன்மேல் நிற்க முடிந்தது.

அப்புறம்தான் என் பிரச்சினை.
தொப்பிப் பக்கம் அவர் அடித்த ஒவ்வோர் அடியும்
ஆறு மாதமாய் நான் எழுதிய பாஸ் வரியின்
தலையிலேயே விழுந்தது.
பதிந்ததைப் போட்டுக் கேட்டோம். களிமண்.
யாரும் என்னைப் பார்க்கவில்லை,
மிகக் கவனமாகப் பார்க்கவில்லை.

சுரங்களை எடுக்கத் தொடங்கினேன்.
முதலில் அலங்காரம்.
பிறகு நான் பெருமைப்பட்ட அந்த ஏற்றம்.
பிறகு, கோபத்தில், மீதியில் பாதி.
பதினோரு நிமிடத்தில் எனக்கு மிஞ்சியது இரண்டே சுரம்,
நடுவில் கீழே போய்
ஒரு கோப்பி ஓ குடித்துவிட்டு வரலாம்.
சூ யின் தலையசைத்தாள்:
"ஓ. செத்தது நீதானா."
அன்று முதல் அந்த இடத்தில் மெதுவாக ஊதினாள்,
சொந்தக்காரருக்கு ஊதுவதுபோல்.

பதிவு செய்த இரவு எல்லாமே தாமதம்.
ஒரு கேபிள் போய்விட்டது,
சரக்கு லிஃப்டில் பிரகதி அரைமணி நேரம் மாட்டிக்கொண்டாள்.
ஏழாவது டேக்கில்தான் கூடி வந்தது,
கூடி வரும்போது மணி ஒன்பது பதினான்கு.
கடைசிச் சுற்றுகளுக்கு முன் சுந்தரபாண்டி எழுந்தார்.
நாங்கள் நிறுத்தவில்லை. அவரும் நிறுத்தச் சொல்லவில்லை.
அவர் அடிக்க வேண்டிய இடங்களில் யாரும் அடிக்கவில்லை.
ஹைருல் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு
உதட்டால் மட்டும் எண்ணினான்.
அந்த வெறுமைக்குள், மைக்குக்கு மிக அருகில்,
நீல உறையின் ஜிப்,
சரியாக முதல் அடியில் தொடங்கி
முழு நீளத்துக்கு.

கேட்டவர்கள் அதைத்தான் விசாரிக்கிறார்கள்.
மெல்லக் கிழிவதுபோல ஒன்று, எந்த ஊர் வாத்தியம்?
பெயர் போட வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார்.
அதனால் ஆல்பத்தின் பின்பக்கம்
"தவில், ஜிப்: ஒரு நண்பர்" என்றிருக்கிறது.

காசு வாங்காதவருக்குப் புது உறை வாங்கிக் கொடுத்தோம்.
தடித்த துணி, நல்ல விலை.
ஜிப்பில்தான் ஒன்றுமே இல்லை.