கரண்டியின் முதுகு

பாத்திரம் கழுவும் இயந்திரத்தைத் திறந்தால்
ஆவி முதலில் என் முகத்தைத்தான் தேடும்.
சுவிஸில் பீல் நகரம், ஏரிக்கரை உணவகம்.
பதினோராவது வருடம்.

எரியுது என்றேன்.
ஒன்றும் தெரியவில்லையே என்றார் இவர்.
உண்மைதான். என் நிறம் எதையும் வெளியே விடாது,
கடன்பட்ட வீட்டுத் திரைச்சீலை மாதிரி.

குடும்ப வைத்தியர் ஒவ்வாமை என்றார்.
அடுத்தவர், நாற்பத்து மூன்று வயதில், முகப்பரு என்றார்.
மூன்றாமவர் தந்த கோர்டிசோன் பத்து நாள் தேன்;
நிறுத்தியதும் கன்னம் இரண்டும்
மிளகாய் அரைத்த அம்மி.

இடலீனா போர்த்துக்கல்காரி.
வைன் கொதிக்கும் வாசம் போதும்,
மூக்கிலிருந்து காதுவரை சிவந்துவிடுவாள்.
அவளுக்கு ஒரே தடவையில் பெயர் கிடைத்தது: ரொசாசியா.
பூவின் பெயரை நோய்க்கு வைத்தவர்
வெள்ளைக் கன்னத்தை மட்டும்தான் பார்த்திருப்பார்.

ஒரு சனி இரவு,
பாலாடைக்கட்டி ஒட்டிய ஃபொண்டூ சட்டிகள் குவிந்துகிடக்க,
குளிர்ந்த கரண்டியின் முதுகைக்
கன்னத்தில் வைத்து நின்றேன்.
அவள் திரும்பினாள்.
அவள் கன்னத்திலும் ஒரு கரண்டி.
"உனக்குமா?" என்றாள் அரைகுறை ஜெர்மனில்.
என் அரைகுறைக்கு அது போதுமாயிருந்தது.

அவளுடைய தோல் மருத்துவர்
சின்னக் கண்ணாடித் துண்டொன்றைக் கன்னத்தில் அழுத்தி,
எடுத்து, மறுபடி அழுத்தி,
"இருக்கிறது. ஒளிந்திருக்கிறது" என்றார்.
நாலு வருடம்.
அழவேண்டும் போலிருந்தது;
கண்ணீரும் எரிக்குமே என்று விழுங்கிக்கொண்டேன்.

மாறாது. அடங்கும்.
இரவில் பட்டாணி அளவு கிறீம்,
காலையில் வெயில் பூச்சு, மழை நாளிலும்.
மூன்று மாதம் பொறுக்கவேண்டும்.
எது கிளப்புகிறது என்று எழுத ஒரு கொப்பி:
கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி.
உறைப்புக் கணவாய்க் கறி.
மச்சாளின் தொலைபேசி.
கடைசியைப் படித்து மருத்துவர் சிரிக்கவில்லை.
அடிக்கோடிட்டார்.

முதலாளி இயந்திரத்தை மாற்றப்போவதில்லை.
திறக்கும்போது ஓரடி விலகி
முகத்தைத் திருப்பப் பழகினேன்,
பிடிக்காதவர் முத்தமிட வந்தால் திருப்புவதுபோல.

சூடும் ஆகாது.
ஏரியைச் சீவிக்கொண்டு வரும் பீஸ் காற்றும் ஆகாது.
நடுவில் எங்கள் இருவருக்கும் மிச்சம்
பின்கதவின் அகலம்.
இடைவேளையில் அங்கேதான், ஒருக்களித்து,
ஆறிப்போன தேத்தண்ணியோடு நிற்போம்.

இன்று எப்படி என்பாள்.
கரண்டியைத் தேடவில்லை என்பேன்.
சில நாள் அது பொய்.
அவளுக்கும் தெரியும்.