முப்பத்தொன்பது டிகிரி

குளிக்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது
அந்தச் சுவர்ப்படத்தை.
ஓர் உடம்பின் கோட்டோவியம்.
சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டிய இடங்களில்
சிவப்பு வட்டம்:
அக்குள், கவட்டி, பாதம், தலை.
தலைக்கும் சிவப்புதான்.
ஆனால் வெளிப்பக்கம் மட்டும்.

நான் இந்தக் குளத்தின் காவல்காரி.
ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில்
இருநூற்றுப் பத்துப் பேர் வாழும் மீன்பிடி ஊர்.
மணிக்கொரு தடவை
வெந்நீர்த் தொட்டியில் வெப்பமானியை விட்டு
நோட்டில் எண்ணை எழுதுவது என் வேலை.
மூழ்குகிறவரைத் தூக்குவதும்.
பதினோரு வருஷத்தில் ஒருவரும் மூழ்கியதில்லை
என்றுதான் போன வியாழன் வரை
சொல்லிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் கடைசி. நாலு மணிக்கே இருட்டு.
மலை மறித்த சூரியன்
இனி ஜனவரி முடிவில்தான் தெருவுக்கு வரும்.
தொட்டியில் கழுத்தளவு நீரில் ஆறு தலைகள்.
முடியில் பனி உறைந்து
பையனும் கிழவனும் ஒரே நரை.
காட் மீன் விலை, டீசல் விலை,
சுரங்கப்பாதையில் கவிழ்ந்த லாரி.
எதைச் சொன்னாலும் இங்கே ஒரு பதில் உண்டு:
"எப்படியோ சரியாகிவிடும்."
எஞ்சின் நின்றால், மணம் முறிந்தால்,
கடல் ஒரு படகை வைத்துக்கொண்டால்,
அதே பதில்.
தூங்குகிற வீட்டில் கதவைச் சாத்துவதுபோல
அவ்வளவு மெதுவாகச் சொல்வார்கள்.

தோர்கில்ஸ் பேசினான்,
இழுவைப்படகின் மெக்கானிக்,
காற்றின் வேகம் சொல்கிற அதே குரலில்.
"திங்கட்கிழமை ராத்திரி
படகுத்துறை முனையில் காரை நிறுத்தி
நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
ஏன் திரும்பி வந்தேன், தெரியவில்லை.
மறுபடி போய்விடுவேனோ என்று
பயமாக இருக்கிறது."

குமிழிகள் தானாக நிற்கும் நேரம் அது.
நின்றன.
யாரோ "எப்படியோ" என்று ஆரம்பித்து
மிச்சத்தை விழுங்கினார்.
விழுங்கிய அந்தச் சொல்லுக்கு
நான் கடன்பட்டவள்.

ஸ்டெய்ன்வோர் கணக்கு டீச்சர்.
"ஆறு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன்,
வைட்டமின் டப்பாவில் ஒளித்து" என்றாள்.
பிறகு சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை.
பொக்னா, மீன் ஆலையில் முள் எடுக்கிறவள்,
போலந்துக்காரி.
இந்த ஊர் மொழியில் அவளிடம் சொற்கள் சொற்பம்.
"நான். ராத்திரி. அழு" என்றாள்.
காலம் காட்டாத வினை;
எல்லாக் காலத்துக்கும் பொருந்தியது.
ஐனார் மட்டும் சட்டென்று எழுந்து போனான்.
பனியில் வெறுங்கால் தடங்கள்.
அவன் இந்த வாரம் வரவே இல்லை.
அவன் வீட்டுக் கதவைத் தட்ட
ஒரு காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பதுக்கு மூட வேண்டும்.
விசிலை எடுத்தேன். திரும்ப வைத்தேன்.
பத்து மணிக்கு வெப்பம் பார்க்கப் போனவள்
செருப்பைக் கழற்றி, சீருடையோடு,
விளிம்பில் உட்கார்ந்து காலை நனைத்தேன்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
"என் தம்பி" என்றேன். அவ்வளவுதான் வந்தது.
ஊருக்கே தெரிந்த சாவு.
ஆனால் ஊரில் ஒருவரும்
அவன் பெயரை என் காதுபட உச்சரித்து
பன்னிரண்டு வருஷம்.

"ஊல்வார்" என்றான் தோர்கில்ஸ்.

ஆமாம். ஊல்வார்.

மறுநாள் ஸ்டெய்ன்வோர்
வகுப்புக்கு விடுப்புச் சொல்லிவிட்டு
அவனைக் காரில் ஏற்றி
இரண்டு கணவாய் தாண்டி டாக்டரிடம் போனாள்.
வழியெல்லாம் பேசிக்கொண்டிருந்தது
டயர் சங்கிலியைப் பற்றித்தானாம்.

நோட்டில்
இரவு ஒன்பது: முப்பத்தொன்பது டிகிரி.
இரவு பத்து: முப்பத்தொன்பது டிகிரி.
'குறிப்பு' என்ற கட்டம்
இத்தனை வருஷமும் காலி.
அதில் எழுதினேன்:
ஐந்து பேர் கழுத்தளவு.
ஒருத்தி கணுக்கால் அளவு.
தாமதமாக மூடினேன்.