மூன்று நாள் காற்று

மூன்று நாளாய் லா எஸ்டாகா துறையில்
கப்பல் அணையவில்லை.
தடுப்புச் சுவரைத் தாண்டி அடிக்கிறது அட்லாண்டிக்.
சரிவின் மேல் ஐந்து காற்றாலைகளும்
வெறி பிடித்துச் சுற்றுகின்றன.

எல் இயெர்ரோ சின்னத் தீவு.
தெருவிளக்கு, குளிர்பெட்டி, தேவாலயத்துக் கடிகாரம்
எல்லாம் தின்றது போக
மிச்சம் வழிகிறது மின்சாரம்.
காற்றுள்ளபோதே ஏற்றிக்கொள்.
இதாய்ரா ஃபெப்லெஸ் பொத்தானை அழுத்துகிறாள்.
கீழ்க்குளத்து நீர் குழாய்க்குள் முனகிக்கொண்டே
அறுநூறு மீட்டருக்கும் மேலே ஏறி,
என்றோ தீக்கக்கிய எரிமலை வாயில்
போய் உட்கார்கிறது.

இரவுப் பணி. திரையில் ஒரே ஒரு கோடு.
தீவின் தூக்கமும் விழிப்பும் அதில் நெளியும்.
தினமும் மூன்று நாற்பதுக்கு
அந்தக் கோட்டில் ஒரு பல் முளைக்கும்:
ஆர்மிச்சேயின் ரொட்டி அடுப்பு.
பேச்சை நிறுத்திக்கொண்ட ஒன்பது வருஷமாய்
அவன் நலமாயிருப்பது
அவளுக்கு இப்படித்தான் தெரியும்.

மூன்று இரவாய்ப் பல் இல்லை.

எண் மறந்திருக்கும் என்று நினைத்தாள்.
விரல்களுக்கு மறக்கவில்லை.
“மாவு இல்ல,” என்றான், யாரென்று கேட்காமலே.
“மாவு கப்பல்ல. கப்பல் தெனெரிஃபேல.
உன் காத்தக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லு.”
சிரிப்பு வருமுன்
வைத்துவிட்டாள்.

நான்காம் இரவு
யாரும் சொல்லாமலே நின்றது.
ஒன்று, இன்னொன்று, பிறகு மூன்றும் சேர்ந்து
இறக்கைகள் இருட்டில் அசையாமல்.
ஐம்பதிலிருந்து நழுவியது அதிர்வெண்,
ஒரு தசமம், இரண்டு.
அவள் வால்வைத் திறந்தாள்.
மலைக்குள்ளிருந்து ஓர் உறுமல்,
காலடியில் கான்கிரீட் நடுங்கியது.
வால்வெர்தேயில் ஒரு விளக்கும் இமைக்கவில்லை.
எவரும் அறியாத வேலை. அதுதான் வேலை.

விடியலில் கடல், இஸ்திரி போட்ட துணி.
கப்பல் வந்தது.
ஒரு பக்கம் உப்புப் பூத்த மாவு மூட்டைகள்.

பணி முடிந்து
கோட்டை மாட்டிக்கொண்டவள்
கிளம்பவில்லை.
மாற்றாள் வந்து நாற்காலிக்காகக் காத்திருந்தான்.
“வண்டி சூடாகட்டும்,” என்றாள். வண்டி வெளியே
அணைந்து கிடந்தது.

எட்டு இருபத்தாறு.
கோட்டில் முளைத்தது பல்,
நேரம் தப்பி, கொஞ்சம் கோணலாய்.
எரிமலை வாயில் நீர்
ஒரு மயிரிழை இறங்கியிருக்கும்:
மாவை மூன்று நாள் மறித்த காற்று
இப்போது அதைச் சுட
மலையிறங்கி வருகிறது.

குறிப்பேட்டில் எழுதினாள்:
8.26, ரொட்டி.
அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்:
8.26, சுமை இயல்பு.