பார்த்ததற்கும் திறந்ததற்கும் நடுவில்

அவேலியின் மின்னஞ்சலில் வணக்கம்கூட இல்லை.
"சாதாரணப் பயனராக நுழைந்தேன்.
நான்கு நொடியில் ரூட் ஆனேன்.
வேறு எதையும் தொடவில்லை.
கோப்பும் வரி எண்ணும் கீழே."

இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி.
எழுதியது யார் என்று கேட்டேன்.
கணினி என் பெயரைச் சொன்னது,
பதினொரு வருடத்துக்கு முந்தைய தேதியோடு.
வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தே முக்கால்.
வீட்டுக்குப் போகிற அவசரம்
வரியிலேயே தெரிகிறது.

தார்த்துவில் பிப்ரவரி.
ஆறு உறைந்து, அதன்மேல் யாரோ நாயோடு நடக்கிறார்.
இரவு பத்து மணிக்கு
என் காதுமட்டும் கொதிக்கிறது.

செய்தது இதுதான்:
மருத்துவமனை ஆய்வகத்தில்
ரத்தக் குப்பிகளுக்கு ஒட்டுச்சீட்டு அச்சிட ஒரு சிறு நிரல்.
அச்சு இயந்திரத்தைத் தொட ரூட்டுக்கு மட்டுமே உரிமை.
யார் ஓட்டினாலும்
ரூட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடட்டும் என்று
ஒரேயொரு பிட்டைத் தட்டிவிட்டேன்.
அச்சிட்ட வாசகத்தின் நகலை, கேட்டவர் சொன்ன கோப்பில்
எழுதிவைக்கும்.
அந்தக் கோப்பில் எழுத இவருக்கு உரிமை உண்டா?
முதலில் பார்க்கும்.
பிறகு திறக்கும்.

அந்தப் "பிறகு" எனக்கு
ஒரு காற்புள்ளி அளவே தெரிந்தது.
இயந்திரத்தின் கணக்கில் அது ஒரு முழுப் பகல்.
அதற்குள் ஒருவன் சாவகாசமாக வந்து
பெயர்ப்பலகையைக் கழற்றி
வேறு கதவில் மாட்டிவிட்டுப் போகலாம்.
நிரல் பார்த்தது அவனுடைய கோப்பை.
எழுதியது கடவுச்சொற் கோப்பில்.
ஒட்டுச்சீட்டில் அச்சிட அவன் கொடுத்த வாசகம்
அங்கே போய் உட்கார்ந்து
புதியதோர் ரூட்டாக எழுந்து நிற்கும்.

பெயர் மாறவே இல்லை.
பெயரைத்தான் நான் பார்த்தேன்.

முதல் வேலை, அந்தப் பிட்டைப் பிடுங்குவது.
ஒரு கட்டளை. ஒரு நொடி.
அச்சு நின்றது.
மூன்றாம் நிமிடம் ஆய்வகத்திலிருந்து விர்வெ.
"ஒட்டுச்சீட்டு வரவில்லை."
நான்தான் நிறுத்தினேன்.
"எவ்வளவு நேரம்?"
காலைவரை.
மூச்சுவிடும் சத்தம்.
"பேனா இருக்கிறது," என்று வைத்துவிட்டாள்.

பிறகு திருத்தம்.
இடைவெளியைக் குறுக்கலாம் என்று
ஒரு மணி நேரம் ஏமாந்தேன்.
இரண்டு தடவை பார்க்கச் சொன்னேன், மூன்று தடவை.
எத்தனை தடவை பார்த்தாலும்
கடைசித் தடவைக்குப் பிறகும் ஒரு "பிறகு" இருக்கிறது.

விடியற்காலை மூன்றுக்கு எல்லாவற்றையும் அழித்தேன்.
சட்டையைக் கழற்று.
கேட்டவனாகவே போய்த் திற.
தகுதியிருந்தால் கர்னல் திறக்கும், இல்லாவிட்டால் மறுக்கும்.
பார்ப்பதும் திறப்பதும் அதற்கு ஒரே மூச்சு.
அச்சிடும்போது மட்டும் சட்டை.
போனவை இருபது வரி, வந்தவை நான்கு.

அவேலி தன் தாக்குதலை
நாற்பதாயிரம் தடவை ஓட்டினாள்.
அனுமதி இல்லை. அனுமதி இல்லை.
இந்த இரண்டு சொற்களை
இவ்வளவு ஆசையாக நான் படித்ததே இல்லை.

அறிக்கையில் ஒரு கட்டம்:
இதற்குமுன் யாராவது பயன்படுத்தியிருக்கிறார்களா?
பதிவேடுகள் தொண்ணூறு நாளுக்குமேல் தங்குவதில்லை.
மீதி வருடங்களுக்குச் சாட்சி கிடையாது.
"தெரியவில்லை" என்று எழுதினேன்.
"ஆதாரம் இல்லை" என்று மாற்றலாமே என்றார் ராய்வோ.
இரண்டும் ஒன்றுதானாம்.
மாற்றவில்லை.

எட்டு மணிக்கு ஆய்வகத்துக்கு நேரில் போனேன்.
அச்சு இயந்திரம் முனகத் தொடங்கியிருந்தது.
விர்வெ கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.
குளிர்பெட்டியில் அவள் எழுதிய நூற்று முப்பது குப்பிகள்,
நீல மையில்.
ஏழு வரும் இடத்தில் எல்லாம்
இடுப்பில் குறுக்கே ஒரு கோடு,
ஒன்றோடு குழம்பக்கூடாது என்று.

தேடிப் பார்த்தேன்.
ஒரு ஏழில்கூட விடவில்லை.