நாலாவது தடவை

பதினொன்றரைக்கு ஒருதரம்.
பன்னிரண்டே முக்காலுக்கு ஒருதரம்.
அதற்குப் பிறகு மணி பார்ப்பதை விட்டுவிட்டேன்.
பார்த்தால், மிச்சத் தூக்கம் எவ்வளவென்று
மனசு விடியும்வரை கழித்துக்கொண்டே கிடக்கும்.

தாழ்ப்பாளைத் தூக்கி இழுக்க வேண்டும்,
இல்லாவிட்டால் லயம் முழுக்க எழுப்பிவிடும்.
இஸ்தோப்பில் அவருடைய பழைய சப்பாத்து.
உள்ளே அட்டை இருக்கிறதா என்று
குனிந்து பார்க்க முடியாது,
டோர்ச்சை அடித்து, காலால் ஒரு தட்டு தட்டி,
முருகா என்று நுழைக்க வேண்டியதுதான்.

முப்பத்திரண்டு படி.
ஆறு காம்பராவுக்கு ஒரு கக்கூஸ்.
ஒரு கையில் வாளி, மறு கையில் டோர்ச்,
பாசிப் படியில் பிடிக்க மூன்றாவது கை கிடையாது.
வெளிச்சம் பனியில் முட்டி
என் முகத்துக்கே திரும்பி வருகிறது.

இவ்வளவு தூரம் வந்தால்
ஒரு தேக்கரண்டி.
இதுக்கா எழுப்பினாய் என்றேன்.
உள்ளேயிருந்து ஓர் உதை.

கடைசிக் காம்பரா மரியதாஸ் அண்ணனுக்குச் சீனி வருத்தம்.
அவருக்கும் இதே நேரம், இதே படி.
உள்ளே ஆள் இருந்தால் இரண்டு இருமல்.
வெளியே காத்திருந்தால் ஒன்று.
பகலில் பீலியடியில் எதிரே வந்தால்
ஒருவருக்கொருவர் இருமிய ஆட்களாகவே
நடந்துகொள்வதில்லை.

திரும்பி ஏறும்போது, பள்ளத்தில்
ஃபெக்டரி விளக்கு.
அங்கேதான் அவர்,
நான் பகலில் கிள்ளிய கொழுந்தை
இரவில் கிளறி வாட்டிக்கொண்டு.
இரண்டு பேரும் முழித்திருக்கிறோம்,
கட்டில் மட்டும் தூங்குகிறது.

மிட்வைஃப் மிஸ் சொன்னார்:
"தண்ணியை மட்டும் நிப்பாட்டிராதீங்க.
பகல்ல நல்லாக் குடிங்க, பொழுது சாஞ்சா கொறைங்க.
ராத்திரிக்குத் தேத்தண்ணி வேணாம்.
எரிஞ்சா, காய்ச்சல் அடிச்சா, உடனே வாங்க."
தலையாட்டினேன்.
எட்டாம் நம்பர் மலையில்
பகலில் எங்கே போவதென்று மிஸ் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
தேயிலைச்செடி இடுப்பு வரைதான்.
மேல் ரோட்டில் கணக்கப்பிள்ளை.
அதனால் உதடு வெடிக்க வெடிக்கப் பகலைக் கடத்தி
வீட்டுக்கு வந்ததும்
வாய்க்கால் மாதிரி குடித்துக்கொண்டிருந்தேன்.

கோமளவல்லியிடம் மட்டும்தான் சொன்னேன்.
அடுத்த நிறுவைக்குள் கொழுந்துக்காரிகள்
அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது.
வெட்கத்தில் நிரையை மாற்றிக்கொள்ளலாமா என்றிருந்தது.

மறுநாள் பத்து மணி.
நாலு பேர் இடுப்புப் படங்கை அவிழ்த்தார்கள்.
எனக்கு முதுகு காட்டி,
சுற்றி விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.
நாலு மஞ்சள் சுவர், மேலே கூரையாக மேகம்.
"கெதியா போ புள்ள, எங்க கிலோ கொறையுது."
மேலேயிருந்து கணக்கப்பிள்ளை கத்தினார்,
"அங்க என்ன கூட்டம்?"
"சங்கக் கூட்டம்!" என்றாள் கோமளவல்லி.
சிரித்ததில் எனக்குப் பாதியில் நின்றுபோனது.
திரும்பவும் தொடங்க வேண்டியிருந்தது.

இப்போது இரண்டு மணிக்குள்
ஒரு போத்தல் தண்ணீர் காலியாகிவிடுகிறது.
இரவு ஐந்து தடவை மூன்றாகியிருக்கிறது.
சில நாள் நாலு.
அவ்வளவுதான், அற்புதமெல்லாம் இல்லை.
போன தூக்கம் போனதுதான்,
அதற்கு அரைப்பேர் கூடப் போடமாட்டார்கள்.
நிரையில் நின்றபடியே கண் செருகி
நேற்று கரட்டு இலையைக் கிள்ளிக் கூடையில் போட்டேன்.

இன்றைக்கு நாலாவது தடவை.
கதவுக்கு வெளியே வாளியோடு நிற்கிறேன்.
உள்ளே இரண்டு இருமல்.
நான் ஒன்று.
கொஞ்சநேரம் பனி மட்டும் சொட்டுகிறது
தகரத்தில்.
பிறகு தொப்புளுக்குக் கீழே, டக், டக், டக்,
ஒரு சின்ன விக்கல்.

வரிசையில் மூன்றாவது ஆள்.