ஈயம்

ஹேவன்சைட் மண்டபத்தில், யார் மகளின் கல்யாணமோ,
ரசம் ஊற்ற ஆள் வரும் நேரம்
என் பிளாஸ்டிக் நாற்காலி காலை விரித்தது.
சத்தம் பெரிதில்லை.
சிரித்தவர்களும் வாய்க்குள்தான் சிரித்தார்கள்.
பூபாலன் கை கொடுத்துத் தூக்கவில்லை.
கோட்டுப் பித்தானைக் கழற்றி
தரையில், என் பக்கத்தில், சம்மணமிட்டு
"இலை இங்கேயே வரட்டும்" என்றான்.
வந்தது.
இரண்டு முறை பாயசம் வாங்கிக்கொண்டோம்.

அடுத்த செவ்வாய் ஆறரைக்கு
நூலகத்துக்குப் பின்னாலிருக்கும் அறையில்
எடை குறைப்போர் குழுவில் பேர் கொடுத்தோம்.
ஜோடியாக வந்தால் கட்டணம் பாதி.
"அதுக்காகத்தான் வந்தேன்" என்றான் பூபாலன்.
யாரும் அவனைக் கேட்கவில்லை.

தாந்தேகா, ஓய்வுபெற்ற நர்ஸ்.
ஊசி ஆடும் பழைய எடைமேடை.
லோட்ஷெடிங் நாளில் செல்போன் வெளிச்சத்தில் குனிந்து
கிலோவை ரகசியம்போல் படிப்பாள்.
பதினோரு வருடமாக வரும் லோகாம்பாள்
கம்மலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு ஏறுவாள்,
மூச்சையும் வெளியே விட்டுவிட்டு.
டெஸ்மண்ட் நாயுடு
போன வாரத் தப்பை ஒப்புக்கொள்ளும்போதே
அதை இன்னொரு முறை தின்பான்:
குடைந்த ரொட்டிக்குள் ஆட்டுக்கறி,
அடியில் ஊறிக்கிடந்த உருளைக்கிழங்கு.
அறையே எச்சில் விழுங்கும்.
அதிகம் குறைத்தவருக்கு மாதக் கடைசியில்
ஒரு பூசணிக்காய்.

முதல் மாதம் எனக்கு ஒரு கிலோ போயிற்று.
இரண்டாம் மாதம் அதில் பாதி திரும்பி வந்தது,
போன இடம் பிடிக்காமல்.
பூபாலனோ அசையவேயில்லை.
தொண்ணூற்றாறு. தொண்ணூற்றாறு. தொண்ணூற்றாறு.
"எலும்பு கனம்" என்று இறங்குவான்.
எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்;
சொல்லக் கூடாது, சொல்கிறேன்.
ஐந்து மணிக்கே எழுந்து நடந்தவன் அவன்.
புரட்டாசி முழுக்கக் கறி தொடாதவன் அவன்.
பெல்ட்டில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டான்,
பிறகு இன்னொன்று.
பெல்ட் சொன்னது ஒன்று, ஊசி சொன்னது ஒன்று.
நான் ஊசியை நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அழுக்குக் கூடையில் கைவிட்டேன்.
செவ்வாய்க்கு மட்டும் அவன் போடும் காக்கிக் கால்சட்டை
தூங்கும் பிள்ளைபோல் கனத்தது.
ஆறு பை. பைக்கு இரண்டு.
ஷேட் மீனுக்குத் தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகள்.
பிடிக்கத் தடைபோட்ட மாதம்,
அவைகளுக்கும் வேறு வேலை இல்லை.
பருப்பு நிறுக்கும் தராசில் வைத்தேன்:
இரண்டு கிலோ நூறு.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வாஷிங் மெஷினில் தண்ணீர் நிரம்பி நின்றுவிட்டது.

செவ்வாய் மாலை
பையைத் தட்டினான். அலமாரியைத் திறந்தான்.
கட்டிலுக்கடியில் குனிந்தான்.
"என்ன தேடுறே?"
"ஒண்ணுமில்ல."
அறைக்கு வெளியே குழாயடியில் நின்று
நாலு டம்ளர் தண்ணீர் குடித்தான்.
அப்படியும் தொண்ணூற்றைந்தைத் தொடவில்லை ஊசி.
தாந்தேகா கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தாள்.
லோகாம்பாள் கம்மலில்லாத காதோடு கைதட்டினாள்.
எல்லோரும் தட்டினார்கள்.
திருடும்போது பிடிபட்டவன்போல்
பூசணியை வாங்கிக்கொண்டான்.
அன்று நான் இருநூறு கிராம் கூடியிருந்தேன்.
அந்தக் கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை,
அவனைத் தவிர.

ஹிகின்சன் சாலை ரோபோட்டில் சிவப்பு.
வண்டிக்குள் இருவரும் பேசவில்லை.
பூசணி என் மடியில்.
"எங்க வெச்சே?" என்றான், முன்னால் பார்த்தபடி.
"தூண்டில் பெட்டியில. இருக்க வேண்டிய எடத்துல."
தலையை ஆட்டினான்.
பிறகு இடது கையை நீட்டி,
பூசணியை அடியில் தாங்கிக்கொண்டு,
"கனமா இருக்கா?"
"கொஞ்சம்."
பச்சை எப்போதோ விழுந்துவிட்டது.
பின்னாலிருந்த டாக்சிக்காரன்
ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.