தட்டுவது ஒன்று, நுழைவது ஒன்று

போர்ட் பிரீயில் எங்கள் முதியோர் இல்லத்தின்
நடைவழிச் சுவரில்
உரிமைகள் மாட்டியிருந்தன,
கண்ணாடிச் சட்டத்துக்குள்,
நிற்பவரின் கண் உயரத்தில்.
இங்கே வசிப்பவர் நாற்பத்தொரு பேர்.
நிற்க முடிந்தவர் ஆறு பேர்.

டல்சி ட்ரிலோர் சக்கர நாற்காலியை அதனடியில் நிறுத்தி
அண்ணாந்து பார்த்தார்.
குழல்விளக்கு மட்டும் தெரிந்தது.

முப்பது வருடம் ஈய உருக்காலை வாசலில்
லாரிகளை எடை போட்டவர்.
தையல் நாடா கேட்டார், கொடுத்தேன்.
மேலாளர் நூனனுக்குக் கடிதம் போனது:
"இது எனக்காக எழுதியதா,
ஆய்வுக்கு வருகிறவருக்காகவா?"

நாலாவது வாரம் துளைபோடும் இயந்திரத்தோடு ஒரு பையன் வந்தான்.
இப்போது அதைப் படிக்க நூனன் குனிய வேண்டும்.
குனிந்து நான் பார்த்ததில்லை.

டல்சி படித்து முடித்த மறுநாள்
எனக்குத் தொல்லை ஆரம்பித்தது.

காலை ஐந்தரை. குளியல் அட்டவணையில் முதல் பெயர் அவருடையது.
தட்டிக்கொண்டே உள்ளே போவது என் வழக்கம்.
"தட்டுவது ஒன்று, நுழைவது ஒன்று.
நடுவில் நான் இருக்கிறேன்."
வெளியே போய் மறுபடி தட்டினேன்.
நின்றேன்.
இன்னும் ஒன்பது அறை பாக்கி.
"யாரது?"
"வசிதி."
"வசிதி, எனக்குக் குளியல் சாயங்காலம்.
ஆலைத் தூசியைக் கழுவிய நேரம் அது.
இந்த உடம்புக்கு வேறு நேரம் பழக்கமில்லை."

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
குளித்தார். மறுத்தார்.
இரண்டாவதில் குறி போட்டேன்.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.
"எங்கே மறுத்தேன்?
நேரம்தானே சொன்னேன்."

மூன்று 'மறுத்தார்' சேர்ந்தால்
மருத்துவருக்கு அறிக்கை போகும்.
அறிக்கை போனால் மாத்திரை வரும்,
மாத்திரை வந்தால் யாரும் எதையும் மறுப்பதில்லை.
எனக்குத் தெரியும்.
அவருக்கும் தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடித்துவிட்டு எழுதினேன்:
மாலை ஆறு மணிக்கு என்று முடிவு செய்திருக்கிறார்.
கட்டத்துக்குள் அடங்கவில்லை.
அடுத்த அறைக்காரரின் வரிசைக்குள் நீண்டுவிட்டது.

அடுத்த அறை, பெர்சி ஓல்சன்.
பேச்சு நின்று இரண்டு வருடம்.
அன்று அவர் கதவையும் தட்டிவிட்டு நின்றேன்,
பதில் வராது என்று தெரிந்தே.
இருபது வரை எண்ணினேன்.
கட்டில் கம்பியில் மோதிரம் பட்டு
'டிங்' என்றது, ஒரே ஒரு முறை.

வா என்கிறாரா, போ என்கிறாரா?
கதவுப்பிடியில் கை வைத்தபடி
நான்.